ஃபில்லரின் எடையை மட்டும் பார்க்காதீர்கள்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. சாலையில் ஜல்லியை ஒட்டவைக்கும் கறுப்புப் பசையான பிட்டுமனோடு கலக்கும் நுண்ணிய கற்பொடி, அதாவது ஃபில்லர், கலவையை எவ்வளவு விறைப்பாக்குகிறது என்பதுதான் அது. பிட்டுமன் சோதனைக்கூடத்திலேயே காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு மனதுக்கு நெருக்கமான விஷயம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இதற்கே முழு இடத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் கட்டுமானப் பொறியியல் இறுதியாண்டு மாணவி. ஒரே பிட்டுமனை இரண்டு பாத்திரங்களில் எடுத்து, ஒன்றில் சுண்ணாம்புக்கல் பொடியையும் இன்னொன்றில் நீர்த்த சுண்ணாம்பையும் கலந்தேன். இரண்டிலும் பிட்டுமனின் எடைக்குச் சம எடை பொடி. முதல் கலவை கரண்டியிலிருந்து வழிந்தது. இரண்டாவது கட்டிகட்டியாகத் திரண்டுவிட்டது, அச்சில் ஊற்றவே முடியவில்லை. எங்கே தவறு செய்தேன்?

பதில்: நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை அம்மா. உங்கள் பாத்திரத்தில் நடந்தது நடக்க வேண்டியதுதான். எடையைச் சமமாக்கினீர்கள். ஆனால் விறைப்பைத் தீர்மானிப்பது எடை அல்ல, பொடி பிடித்துக்கொள்ளும் இடம்.

முதலில் அடர்த்தியைப் பாருங்கள். பிட்டுமனின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.03. சுண்ணாம்புக்கல்லுக்கு 2.7, நீர்த்த சுண்ணாம்புக்கு 2.2 அளவில் இருக்கும். சம எடையில் கலந்தால், சுண்ணாம்புக்கல் பொடி மொத்தப் பருமனில் சுமார் 27.6 சதவீதம், நீர்த்த சுண்ணாம்பு சுமார் 32 சதவீதம். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் ஒன்று வழிவதற்கும் இன்னொன்று திரள்வதற்கும் இது மட்டும் காரணமாக முடியாது.

உண்மையான காரணம் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. ஒரு ஜல்லிக் குவியலில் தண்ணீர் ஊற்றினால், முதலில் ஊற்றுவதெல்லாம் கற்களின் இடுக்குகளுக்குள் போய்விடும். இடுக்குகள் நிரம்பிய பிறகு மிஞ்சுகிற தண்ணீர்தான் மேலே நின்று ஓடும். பிட்டுமனும் அப்படித்தான். பொடித் துகள்களின் இடுக்கில் மாட்டிக்கொண்ட பிட்டுமன் பொடியோடு பொடியாகவே நடந்துகொள்கிறது. வழிவதற்கு உதவுவது மிஞ்சியிருக்கும் 'சுதந்திர' பிட்டுமன் மட்டும்தான்.

இந்த இடுக்கின் அளவை எப்படி அறிவது? 1947-இல் ரிக்டன் என்ற ஆய்வாளர் ஓர் எளிய வழியைச் சொன்னார். உலர்ந்த பொடியை ஒரு சிறிய உருளையில் போட்டு, குறிப்பிட்ட எடையைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து 100 முறை விழவிட்டு இடித்து அமுக்க வேண்டும். அமுங்கிய பொடியின் உயரத்தை அளந்தால் மொத்தப் பருமன் தெரிந்துவிடும். 10 கிராம் சுண்ணாம்புக்கல் பொடி அமுங்கிய பிறகு 5.7 கன செ.மீ. இடம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடர்த்திக் கணக்குப்படி கல்லின் பருமன் 3.7 கன செ.மீ.தான். மீதி 2 கன செ.மீ. காற்று. அதாவது ரிக்டன் வெற்றிடம் 35 சதவீதம். சாதாரணக் கற்பொடிகளுக்கு இந்த எண் 30-லிருந்து 40-க்குள் வருவது வழக்கம். நீர்த்த சுண்ணாம்புக்கு 60 முதல் 70 வரை போகும். அதன் துகள்கள் மிக நுண்ணியவை, அவற்றுக்கு உள்ளேயே துளைகளும் உண்டு. எவ்வளவு இடித்தாலும் அவை நெருங்கி அடங்குவதில்லை.

இப்போது உங்கள் இரண்டு பாத்திரங்களுக்கும் கணக்குப் போடுங்கள். சுண்ணாம்புக்கல்லின் 27.6 சதவீதத்தை 0.65-ஆல் வகுத்தால் 42.5 வருகிறது. துகளும் அதன் இடுக்கில் சிக்கிய பிட்டுமனும் சேர்ந்து பிடிக்கும் இடம் அது. மீதி 57.5 சதவீதம் சுதந்திர பிட்டுமன். தாராளமாக வழியும். நீர்த்த சுண்ணாம்புக்கு வெற்றிடம் 65 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், 32-ஐ 0.35-ஆல் வகுக்க 91 வருகிறது. மிச்சம் வெறும் 9 சதவீதம். அதை வைத்துக்கொண்டு எப்படி அச்சில் ஊற்றுவது?

திரவத்தில் துகள் கலந்தால் பாகுத்தன்மை எவ்வளவு கூடும் என்பதற்கு ஐன்ஸ்டைன் 1906-இல் ஒரு சமன்பாடு தந்தார். அதிலிருந்த பிழையை 1911-இல் அவரே திருத்தினார். அதன்படி, துகளின் பருமப் பங்கை 2.5-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் எத்தனை மடங்கு என்பது வந்துவிடும். உங்கள் சுண்ணாம்புக்கல் கலவைக்கு இது 1.7 மடங்கு என்று சொல்லும். அளந்து பார்த்தால் அதைவிட அதிகமாகவே இருக்கும். காரணம், அந்தச் சமன்பாடு ஒன்றையொன்று பாதிக்காத அளவுக்குத் தூரத்தில் மிதக்கும் வழவழப்பான கோளங்களுக்கானது. நம் கற்பொடியோ கூரான முனைகளோடு நெருக்கியடித்துக்கொண்டு இருப்பது. அறிக்கையில் அந்தச் சமன்பாட்டைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்திலேயே சுதந்திர பிட்டுமனின் சதவீதத்தையும் போடுங்கள். தேர்வாளருக்கு உங்கள் பாத்திரத்தில் நடந்ததை அதுதான் புரியவைக்கும்.

கேள்வி: அப்படியானால் நீர்த்த சுண்ணாம்பைக் கலவையில் சேர்ப்பதே ஆபத்தா? பல இடங்களில் சேர்க்கச் சொல்கிறார்களே?

பதில்: சேர்க்கலாம், அளவோடு. ஃபில்லர் முழுவதையும் அதுவாக ஆக்கக் கூடாது, அவ்வளவுதான். வழக்கமாக ஜல்லியின் எடையில் 1 முதல் 1.5 சதவீதம்தான் போடுவார்கள். அதற்கு முக்கியக் காரணம் விறைப்பு அல்ல, தண்ணீர். சிலிக்கா மிகுந்த கற்களின் மேல் பிட்டுமன் சரியாக ஒட்டாமல் மழையில் உரிந்து வரும். சுண்ணாம்பு அந்த ஒட்டுதலைப் பலப்படுத்துகிறது. பிட்டுமனில் உள்ள அமிலத் தன்மையுள்ள பொருட்களோடு வினைபுரிந்து, பிட்டுமன் காலப்போக்கில் காய்ந்து இறுகுவதையும் தாமதப்படுத்துகிறது. ஆனால் அந்த ஒரு சதவீதமே விறைப்பையும் நன்றாக உயர்த்தும். ஃபில்லரும் பிட்டுமனும் சம எடையாக உள்ள கலவையில், ஃபில்லரின் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் சுண்ணாம்பாக மாற்றிப் பாருங்கள். இரண்டு பொடிக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டினால், சுதந்திர பிட்டுமன் 57-லிருந்து 47-க்கு அருகே இறங்கிவிடும். தோராயக் கணக்குதான், நுண்ணிய துகள்கள் பெரியவற்றின் இடுக்கில் நுழைவதை இது சேர்க்கவில்லை. இருந்தாலும் மாற்றம் எந்தப் பக்கம், எவ்வளவு பெரியது என்பதைக் காட்டிவிடுகிறது.

கேள்வி: ஜல்லியையும் பிட்டுமனையும் சூடாகக் கலக்கும் ஹாட் மிக்ஸ் பிளான்ட்டை நடத்துகிறேன். புகையிலுள்ள தூசியைத் துணிப்பைகளில் பிடிக்கும் பேக் ஃபில்டரில் சேரும் தூசியை மீண்டும் கலவையிலேயே விடுகிறோம். சில நாட்களில் கலவை, அதைச் சாலையில் விரிக்கும் பேவரின் கீழே முரடாக இழுபடுகிறது, ரோலருக்கு மசிய மறுக்கிறது. வேறு சில நாட்களில் அதே கலவை எண்ணெய் வழிவது போலப் பளபளக்கிறது, ரோலரின் கீழே நெளிகிறது. பிட்டுமன் சதவீதம் மாறவே இல்லை. தூசிதான் காரணமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததுமே சந்தேகம் தூசியின் மேல்தான் போனது. இரண்டு எதிரெதிரான குணமும் ஒரே தூசியிலிருந்து வரலாம், அதனால்தான் பலர் இதை நம்ப மறுக்கிறார்கள்.

கலவையில் ஒவ்வொரு கல்லின் மேலும் பிட்டுமன் படலம் சுமார் 6 முதல் 10 மைக்ரான் தடிமனில்தான் இருக்கிறது. ஃபில்லர் என்று நாம் சொல்வது 75 மைக்ரான் சல்லடையில் நுழையும் எல்லாவற்றையும். ஐரோப்பாவில் 63 மைக்ரானை எல்லையாக வைக்கிறார்கள். அந்த ஒரே பெயருக்குள் 70 மைக்ரான் துகளும் இருக்கிறது, 2 மைக்ரான் துகளும் இருக்கிறது. படலத்தைவிடப் பெரியவை ஜல்லிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தை நிரப்பும். படலத்தைவிடச் சிறியவை பிட்டுமனுக்குள்ளேயே மூழ்கி, அதன் பருமனைக் கூட்டிவிடும். அப்போது கலவையில் பிட்டுமன் அதிகமாகிவிட்டது போன்ற தோற்றமும் நடத்தையும் வரும். பளபளக்கும் நாள் அதுதான். அதே நுண்தூசி இன்னும் கூடுதலாக வந்தால், ரிக்டன் வெற்றிடம் உயர்ந்து சுதந்திர பிட்டுமனைக் குடித்துவிடும். முரடாக இழுபடும் நாள் அது.

பேக் ஃபில்டர் பிடிப்பது பெரும்பாலும் இந்த நுண்ணிய பக்கத்துத் தூசியைத்தான். காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் சைக்ளோனில் சேரும் தூசி அதைவிடப் பருமட்டானது. உங்கள் பிளான்ட்டில் இரண்டும் இருந்தால் இரண்டையும் தனித்தனியே சோதியுங்கள், ஒன்றாகக் கலந்து ஒரே சாம்பிளாக அனுப்பாதீர்கள்.

தூசியைத் திருப்பி விடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கல் உங்களுடையது, கழிவாகக் கொட்டுவதற்கும் காரணம் இல்லை. எவ்வளவு வருகிறது என்று தெரியாமல் விடுவதில்தான் எனக்குக் கோபமே வரும். பைகளை உதறும் ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய அலையாகத் தூசி இறங்குகிறது. பிளான்ட்டை நிறுத்தி மறுபடி தொடங்கும்போதும் அப்படியே. அந்த அலை நேராக மிக்ஸருக்குள் போனால், எந்த லாரிக்கு எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. தூசியை முதலில் ஒரு சைலோவில் சேர்த்து, அங்கிருந்து அளவிடும் கருவி வழியாக, எடை போட்டு, ஒரே சீராகக் கொடுங்கள். முரண்டு பிடிக்கும் நாட்களில் பாதிக்குமேல் இதிலேயே தீர்ந்துவிடும்.

அப்புறம், தூசியின் தரம். எந்தக் குவாரிக் கல் ஓடுகிறதோ அதற்கேற்பத் தூசியும் மாறும். கல் மாறினால் ரிக்டன் சோதனையை மறுபடி செய்யுங்கள். எஸ்.எம்.ஏ. (ஸ்டோன் மாஸ்டிக் அஸ்பால்ட்) வகைக் கலவைக்கு ரிக்டன் வெற்றிடம் 50 சதவீதத்தைத் தாண்டிய ஃபில்லரைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். அது மாஸ்டிக்கை, அதாவது ஃபில்லரும் பிட்டுமனும் சேர்ந்த பசையை, நம்பியே நிற்கும் கலவை, எனவே அந்த எல்லைக்கு அர்த்தம் இருக்கிறது. கல்லோடு களிமண் ஒட்டியிருந்தால் அதுவும் தூசியாகப் பையில் வந்து சேரும். களிமண் தண்ணீர் பட்டால் உப்பும். பொடி எவ்வளவு சாயத்தை ஈர்க்கிறது என்று பார்க்கும் மெத்திலீன் புளூ சோதனை இதைச் சட்டென்று காட்டிக்கொடுக்கும். ஈரத்தில் எவ்வளவு குழைகிறது என்பதைக் காட்டும் நெகிழ்மைக் குறியீடு 4-ஐத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க நெடுஞ்சாலை அமைப்பான ஆஷ்டோவின் தரவிதி சொல்வதும் இந்தப் பயத்தில்தான். கடைசியாக பர்னரையும் ஒரு தடவை பாருங்கள். எரிபொருள் முழுதாக எரியாவிட்டால் அதன் எண்ணெய் தூசியில் படியும், தூசி வழியாகப் பிட்டுமனுக்குள் போய் அதை இளக்கும். பளபளக்கும் நாட்களில் தூசியைக் கையில் எடுத்து விரலில் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுப்பும் எரிபொருள் வாடையும் இருந்தால் முதலில் பர்னரைச் சரி செய்யுங்கள்.

கேள்வி: தூசிக்கும் பிட்டுமனுக்கும் உள்ள விகிதம் 0.6 முதல் 1.2 வரை இருந்தால் போதும் என்றுதானே சூப்பர்பேவ் என்ற அமெரிக்கக் கலவை வடிவமைப்பு முறை சொல்கிறது? அதற்குள் இருந்தால் பயமில்லை அல்லவா?

பதில்: அந்த விகிதம் எடைக் கணக்கு. கல்லுக்குள் உறிஞ்சப்பட்டது போக மிஞ்சும் பிட்டுமனோடு ஒப்பிட்ட எடை. முதல் கடிதம் எழுதிய மாணவியின் இரண்டு பாத்திரங்களிலும் விகிதம் 1.0 தான், இரண்டும் விதிக்குள் இருக்கின்றன. ஒன்று வழிந்தது, இன்னொன்று திரண்டது. முதல் வடிகட்டலுக்கு அந்த விகிதம் உதவும், அதோடு நிற்க வேண்டாம்.

கேள்வி: கடினமான கிரேடு பிட்டுமன் வாங்குவதற்குப் பதிலாக, இளக்கமான பிட்டுமனில் ஃபில்லரை அதிகம் போட்டு அதே விறைப்பைக் கொண்டுவந்தால் என்ன? கோடையில் சக்கரத் தடம் விழாமல் இருக்க அதுவும் போதும்தானே?

பதில்: கோடையில் விறைப்பு கூடும் என்பது உண்மைதான். பிட்டுமனின் வெப்பநிலை சுமார் 6 டிகிரி ஏறினால் ஜி-ஸ்டார் என்ற விறைப்பு எண் ஏறத்தாழ பாதியாகும் என்பது, சாம்பிளை இரு தட்டுகளுக்கு நடுவே முறுக்கி அளக்கும் டி.எஸ்.ஆர். கருவியில் வேலை செய்பவர்கள் கைக்கணக்காக வைத்திருப்பது. ஃபில்லர் அந்த விறைப்பை நான்கு மடங்காக்கினால், 6 டிகிரிக்கு ஒரு கிரேடு என்ற கணக்கில், காகிதத்தில் இரண்டு கிரேடு ஏறியது போலத் தெரியும். ஆனால் கிரேடு என்பது ஃபில்லர் இல்லாத பிட்டுமனுக்குக் கொடுப்பது, அதற்குக் காரணம் உண்டு.

ஃபில்லர் சேர்த்தால் ஜி-ஸ்டார் உயரும், மீள்தன்மையைக் காட்டும் ஃபேஸ் ஆங்கிள் பெரிதாக அசையாது. அதாவது பாரம் பட்டு நசுங்கிய பின் திரும்பி எழும் குணம் புதிதாக வந்துவிடாது. பாலிமர் கலந்த பிட்டுமனிடம் நாம் எதிர்பார்ப்பது அந்த மீள்வைத்தான். கற்பொடி அதைத் தராது.

குளிரின் பக்கம் கதை வேறு. வெயிலில் பிட்டுமனின் விறைப்பு சில கிலோபாஸ்கல் மட்டுமே. கல்துகளின் விறைப்போ பல கிகாபாஸ்கல். வித்தியாசம் மலையளவு இருப்பதால் ஃபில்லர் பெரிய மடங்கில் விறைப்பைக் கூட்டுகிறது. கடுங்குளிரில் பிட்டுமனே கண்ணாடி நிலைக்குப் போய் ஒரு கிகாபாஸ்கல் அளவை நெருங்கிவிடுகிறது. இடைவெளி குறைவதால், அதே ஃபில்லர் அங்கே கூட்டும் மடங்கும் குறைவு. இது நல்ல செய்திதான். ஆனால் மடங்கு சிறியதானாலும் அடிப்படை எண் ஏற்கெனவே பெரியது. குளிரில் சாலை சுருங்கப் பார்க்கும், சுருங்க முடியாமல் உள்ளே இழுவிசை சேரும். விறைப்பு கூடக் கூட அந்த விசையும் கூடும். குளிரவைத்த பிட்டுமன் சட்டத்தை வளைத்துப் பார்க்கும் பி.பி.ஆர். சோதனையில் 60 வினாடியில் விறைப்பு 300 மெகாபாஸ்கலைத் தாண்டக் கூடாது என்று எல்லை வைத்திருப்பது இந்த வெடிப்பை மனதில் வைத்துத்தான்.

துகள்கள் விரிசலுக்குக் குறுக்கே நின்று அதன் ஓட்டத்தைத் தடுப்பதும் உண்டு, எனவே ஃபில்லரே வெடிப்பை வரவழைக்கும் என்று சொல்லிவிடவும் முடியாது. அளவான ஃபில்லர் சாலைக்கு நல்லது. அமெரிக்க வேதியியலாளர் கிளிஃபோர்ட் ரிச்சர்ட்சன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை வலியுறுத்தினார். என் பதில் இதுதான்: உங்கள் இடத்தின் வெயிலுக்கும் குளிருக்கும் ஏற்ற பிட்டுமனை முதலில் தேர்ந்தெடுங்கள். ஃபில்லரை அந்தத் தேர்வுக்குத் துணையாக வையுங்கள். விலையைக் குறைக்க ஃபில்லரைப் பிட்டுமனின் இடத்தில் உட்காரவைக்காதீர்கள்.

கேள்வி: சோதனைக்கூட உதவியாளராக இருக்கிறேன். ஒரே மாஸ்டிக்கிலிருந்து எடுத்த சாம்பிள்கள், மென்மையாகும் வெப்பநிலையை அளக்கும் வளையம்-உருண்டை சோதனையிலும் டி.எஸ்.ஆரிலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. கருவிகளை அளவு திருத்தம் செய்தாகிவிட்டது. வேறு எதைப் பார்ப்பது?

பதில்: கருவியை விட்டுவிட்டுப் பாத்திரத்தைப் பாருங்கள். சூடான பிட்டுமனில் கல் மூழ்கும். 160 டிகிரியில் பிட்டுமனின் பாகுத்தன்மை 0.15 பாஸ்கல்-வினாடி அளவில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 75 மைக்ரான் துகள் தனியாக விழுந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 மி.மீ. கீழே போகும். கூட்டமாக இருந்தால் வேகம் குறையும், ஆனாலும் ஓவனில் அரை மணி நேரம் கிளறாமல் வைத்த மாஸ்டிக்கின் மேல்பக்கமும் அடிப்பக்கமும் ஒன்றாக இருக்காது. மூழ்கும் வேகம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 75 மைக்ரான் துகள், 5 மைக்ரான் துகளைவிட 225 மடங்கு வேகமாக இறங்கும். ஆக மேலே தங்குவது நுண்ணியது, அடியில் சேருவது பருமட்டானது. ஒரே பாத்திரத்தில் இரண்டு வேறு மாஸ்டிக்குகள் உருவாகிவிடுகின்றன.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். பொடியை முந்தின இரவே 110 டிகிரி ஓவனில் வைத்து, எடை மாறாத நிலைக்கு உலர்த்துவேன். ஈரம் இருந்தால் கலக்கும்போதே நுரைத்து உள்ளே காற்று சிக்கும். கலப்பதற்கு முன் பொடியையும் பிட்டுமனின் சூட்டுக்கே கொண்டுவருவேன். குளிர்ந்த பொடியைக் கொட்டினால் அதைச் சுற்றிப் பிட்டுமன் இறுகி, உள்ளே உலர்ந்த பொடியோடு குட்டிக் கட்டிகள் நிற்கும். பிளேடால் ஒரு கட்டியை வெட்டிப் பாருங்கள், நடுவே வெள்ளைப் பொடி அப்படியே தெரியும். சிறிது சிறிதாகச் சேர்த்து, மெதுவாக, அடியைச் சுரண்டியபடி கிளறுங்கள். வேகமாகச் சுழற்றினால் குமிழிதான் மிச்சம். சூடு இறங்கி, கண்ணாடிக் கோல் இழுக்கும்போது கைக்குக் கனம் தெரியும் வரை கிளறலை நிறுத்தாதீர்கள். ஊற்றுவது அதன் பிறகுதான், அதுவும் எல்லா அச்சுகளிலும் ஒரே மூச்சில். ஊற்றியதை மறுபடி ஓவனில் வைக்காதீர்கள்.

டி.எஸ்.ஆரில் தட்டுகளின் இடைவெளி 1 மி.மீ. என்றால் 75 மைக்ரான் துகளுக்கு அது பத்து மடங்குக்கு மேல், பரவாயில்லை. கட்டி ஒன்று மாட்டினால் அந்தக் கணக்கு போய்விடும். இன்னொன்று, வெறும் பிட்டுமனுக்குப் பயன்படுத்தும் திரிபு (உருமாற்ற) அளவை மாஸ்டிக்குக்கு அப்படியே வைக்காதீர்கள். துகள்களுக்கு இடையே உள்ள மெல்லிய பிட்டுமன்தான் எல்லாத் திரிபையும் தாங்குகிறது. அதனால் விசையும் திரிபும் ஒரே விகிதத்தில் கூடும் நேர்கோட்டு எல்லை சீக்கிரமே முடிந்துவிடும். புதிய ஃபில்லர் ஒவ்வொன்றுக்கும் முதலில் திரிபைப் படிப்படியாகக் கூட்டி, ஜி-ஸ்டார் எங்கே சரியத் தொடங்குகிறது என்று பார்த்துவிட்டு, அதற்குக் கீழேயே வேலை செய்யுங்கள்.

வளையம்-உருண்டை சோதனைக்கு ஐரோப்பிய முறையில் பருமக் கணக்கில் 37.5 பங்கு ஃபில்லர், 62.5 பங்கு பிட்டுமன் எடுத்து, மென்மையாகும் வெப்பநிலை எத்தனை டிகிரி உயர்ந்தது என்று குறிப்பார்கள். உயர்வை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பது முக்கியம். ஃபில்லர் இல்லாத பிட்டுமனையும் அதே ஓவனில், அதே நேரம், அதே மாதிரி கிளறி வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். சூட்டில் கிளறுவதே பிட்டுமனைக் கொஞ்சம் இறுக்கிவிடும், அந்த இறுக்கத்தை ஃபில்லரின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

கலவை ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்னும் சந்தேகமா? கொஞ்சம் மாஸ்டிக்கை ஒரு மெல்லிய உலோகக் குழாயில் ஊற்றி, நன்றாகக் குளிரவைத்து, மூன்று துண்டாக வெட்டுங்கள். மேல் துண்டையும் அடித் துண்டையும் எடைபோட்டு, கரைப்பானில் பிட்டுமனைக் கரைத்து எடுத்துவிட்டு, மிஞ்சும் பொடியை உலர்த்தி எடை பாருங்கள். இரண்டு துண்டுகளிலும் பொடியின் சதவீதம் ஒத்துப்போனால் கலவையில் குறை இல்லை, பிறகு கருவிப் பக்கம் போகலாம். ஒத்துப்போகாவிட்டால் அந்த மாஸ்டிக்கில் எடுத்த எண்களை எல்லாம் தள்ளிவிட்டு, புதிதாகக் கலக்குங்கள்.